மூச்சு வாங்குகிறதா, மூச்சு குறுகுகிறதா?

பெங்களூரு அல்சூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் அறிவுரைத் தாளில் மறுபடியும் கண்ணில் பட்டது: 'குறுகிய மூச்சு இருந்தால் உடனே வரவும்.' அதே தாளின் கன்னடப் பகுதியில் 'உசிராட்டத தொந்தரெ' என்று வீட்டில் பேசுவது போலவே அச்சாகியிருக்கிறது. அந்த உசிரும் நம் உயிரும் ஒரே வேர்தான். தமிழுக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

மருத்துவர்கள் சொல்லும் 'டிஸ்ப்னியா' கிரேக்கச் சொல். மூச்சுவிடச் சிரமப்படுவது என்று பொருள். மூச்சில் குட்டை என்பது 'ஷார்ட்னெஸ் ஆஃப் பிரெத்' என்ற ஆங்கிலப் பேச்சுவழக்கிலிருந்து வந்தது. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததுதான் 'குறுகிய மூச்சு'.

சரி, 'மூச்சுத் திணறல்' என்று போடலாமே என்பார்கள். நல்ல தமிழ்தான், ஆனால் இங்கே பொருந்தாது. புகையில் மாட்டிக்கொண்டவர் படும் பாடு திணறல். இதய நோயில் பலருக்கு மூச்சுச் சிரமம் மெல்லத்தான் தொடங்கும். இடது கீழறை ரத்தத்தைச் சரியாகத் தள்ளாதபோது நுரையீரல் நாளங்களில் அழுத்தம் ஏறி நீர் கசிகிறது. முதலில் மாடிப்படியில் தெரியும். அப்புறம் மல்லாந்து படுத்தால் வரும். காலில் தேங்கிய ரத்தம் மார்புக்குத் திரும்புவதால் அழுத்தம் இன்னும் கூடுகிறது. எழுந்து உட்கார்ந்தால் தணியும். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்பது இதற்காகத்தான். 'திணறல் உண்டா?' என்றால், மூன்று தலையணை வைத்துப் படுக்கும் பெரியம்மாகூட 'அதெல்லாம் இல்லப்பா' என்பார். 'மாடி ஏறினா மூச்சு வாங்குதா?' என்று கேளுங்கள். 'ஆமா, பாதியிலேயே நின்னுடுவேன்' என்று பதில் வரும்.

வாங்குதல் என்றால் இழுத்தல். வில்லை வாங்குதல் என்பது பழைய வழக்கு. 'மூச்சிரைப்பு' என்றும் எழுதலாம். ஆனால் இரைப்பு ஆஸ்துமாவுக்கும் பெயராக இருப்பதால் நோயாளி இன்ஹேலரைத் தேடிப் போகக்கூடும். ஆகவே என் தேர்வு மூச்சு வாங்குதல். படுத்தால் வருவதற்கு மூச்சு முட்டுதல். 'நடந்தால் மூச்சு வாங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ உடனே வாருங்கள்' என்றால் யாருக்குப் புரியாது?

இப்படித் தாள் எழுதுகிறவர்கள்தான் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்ற இந்த நோய்க்கே 'இதயச் செயலிழப்பு' என்று பெயர் வைக்கிறார்கள். அதைப் படிக்கிற குடும்பம் இதயம் நின்றுவிட்டதென்று பதறுகிறது. நிற்கவில்லை, தளர்ந்திருக்கிறது, 'இதயத் தளர்ச்சி' என்று எழுதுங்கள். மருந்து சாப்பிட்டு, உப்பைக் குறைத்து ஆண்டுக்கணக்கில் நடமாடுகிறவர்களின் கையில் செயலிழப்பு என்று எழுதிய தாளைக் கொடுக்காதீர்கள்.