வீட்டிலிருந்து கொய்மலர் விற்கிறீர்களா? எந்த வாடிக்கையாளருக்கு எந்தக் காகிதம்

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. வரவேற்பறை மேசைக்கு வாரம் இரண்டு முறை பூ வைக்க ஆள் தேடுகிறார்கள். நீங்கள் மாதிரிக்கு ஒரு பூக்கூடை கொண்டுபோய்க் காட்டுகிறீர்கள். பூ பிடித்துவிடுகிறது, விலையும் ஒத்துவருகிறது. அடுத்த நாள் கணக்குப் பிரிவிலிருந்து கேட்பார்கள்: பான் அட்டை, கேன்சல் செய்த செக், ஜிஎஸ்டி எண் அல்லது ஜிஎஸ்டி இல்லை என்ற உறுதிமொழிக் கடிதம், உத்யம் சான்று (மத்திய அரசிடம் குறு, சிறு தொழிலாகப் பதிந்ததற்கான சான்று). இந்த நான்கும் கையில் இல்லாததால் அந்த ஆர்டர் பெங்களூரிலிருந்து வேனில் வரும் பூக்காரருக்குப் போய்விடும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பூவுக்குப் பஞ்சமில்லை. தளி, பாகலூர், கெலமங்கலம் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து ரோஜாவும் ஜர்பராவும் கார்னேஷனும் தினமும் வெட்டிப் போகின்றன. கொய்மலர், அதாவது காம்போடு வெட்டி விற்கும் பூ, சாகுபடியைக் கற்றுக்கொடுக்கத் தளியில் அரசின் மகத்துவ மையமே இருக்கிறது. தர்மபுரிக்காரர்களுக்கும் இந்தப் பூ எட்டாத தூரமில்லை. வாங்குகிற ஆளைப் பிடிப்பதுதான் பாடு. அதற்கு முதலில் யாருக்கு விற்கப் போகிறோம் என்று முடிவுசெய்ய வேண்டும், காகிதம் அதற்குப் பிறகு. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். இ-சேவை மையத்தில் கிடைக்கிற சான்றையெல்லாம் எடுத்து பைலில் வைத்துவிட்டு, ஆர்டர் வரவில்லையே என்கிறார்கள்.

ஜிஎஸ்டி: தேவையா, இல்லையா?

புதிதாகப் பறித்த கொய்மலருக்கு ஜிஎஸ்டி கிடையாது. வரிவிலக்குள்ள பொருளை மட்டுமே விற்பவர் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை. சொந்த நிலத்தில் விளைந்த பூவை விற்கும் விவசாயிக்கும் இதேதான். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு வாடிக்கையாளருக்கு அனுப்பினாலும் மாறாது. மாநிலம் விட்டு மாநிலம் போனால் பதிவு கட்டாயம் என்ற விதி வரி விதிக்கத்தக்க பொருளுக்குத்தான், வெறும் பூவுக்கு இல்லை. இதைத் தெரியாமல் பெங்களூரு ஆர்டரையே வேண்டாம் என்று விடுபவர்கள் உண்டு.

சிக்கல் வருவது மூன்று இடத்தில். முதலாவது, மணவறை அலங்காரம், மேடை அலங்காரம். இது பொருள் விற்பனை அல்ல, சேவை. 18 சதவீத வரிக்கு உட்பட்டது. பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். சேவையும் சேர்ந்தால் வரம்பு 20 லட்சம். இந்த 20 லட்சத்தைக் கணக்கிடும்போது வரி இல்லாத பூ விற்பனையும் சேரும். ஆண்டுக்கு 18 லட்சத்துக்குப் பூவும் 3 லட்சத்துக்கு அலங்காரமும் செய்தால் மொத்தம் 21 லட்சம், பதிவு எடுத்தாக வேண்டும். 3 லட்சம்தானே சேவை என்று விட்டுவிட்டால் பிறகு வரி அபராதத்தோடு வரும்.

இரண்டாவது, பிளாஸ்டிக் பூ, பூச்சாடி, சாக்லேட் பெட்டி போன்றவற்றைப் பூவோடு சேர்த்து விற்பது. இவை வரிக்கு உட்பட்ட பொருள்கள். வரம்புக்குள் இருக்கும்வரை தமிழ்நாட்டுக்குள் விற்பதில் தொல்லை இல்லை. எல்லை தாண்டி விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கேட்கும். அதனால் பெங்களூருக்குப் போகும் கூடையில் பூவும் இலையும் மட்டும் இருக்கட்டும்.

மூன்றாவது, பதிவு இல்லாமலே பில்லில் ஜிஎஸ்டி போட்டு வாங்குவது. வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காக இதைச் செய்யவே கூடாது. பில்லில் பெயர், முகவரி, பான், வரிசை எண், தேதி, பூவின் வகை, எண்ணிக்கை, தொகை, இவ்வளவு போதும். கீழே "ஜிஎஸ்டி பதிவு பெறாதவர், வரிவிலக்குள்ள பொருள்" என்று ஒரு வரி. உறுதிமொழிக் கடிதத்திலும் இதே வாசகம்தான்.

உத்யம் பதிவில் ஒரு சொல் மாறினால்

உத்யம் பதிவு இலவசம், புதுப்பிக்கவும் தேவையில்லை. மத்திய அரசின் 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும் தளத்தில் மட்டும் செய்யுங்கள். தேடும்போது மேலே வரும் தனியார் தளங்கள் 'கட்டணம்' என்று பணம் வாங்கிவிட்டு இதே படிவத்தைத்தான் நிரப்பித் தருகின்றன. ஆதாரில் இணைந்த கைபேசி எண்ணும் பானும் வேண்டும். வீட்டு முகவரியே தொழில் முகவரியாக இருக்கலாம். பான் இல்லாத சிறு தொழிலாளருக்கு வங்கி வழியாகச் செய்யும் உத்யம் அசிஸ்ட் என்ற தனி வழி இருக்கிறது.

படிவத்தில் தொழில் வகை என்ன என்று கேட்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். பூ விற்கிறோம் என்றதும் இ-சேவை மையத்தில் 'வணிகம்' என்று தட்டிவிடுவார்கள். பூச்செடி வளர்ப்பது மட்டும் உங்கள் வேலை என்றால் உத்யமே கிடைக்காது. சாகுபடி அந்தப் பட்டியலில் இல்லை. வாங்கி விற்பது மட்டும் என்றால் வணிகம் சரிதான். ஆனால் வணிகர் என்று பதிந்தவருக்கு வங்கிக் கடனில் முன்னுரிமை மட்டுமே உண்டு, பாக்கி வசூலுக்கான சட்டப் பாதுகாப்பு கிடையாது. 2021 ஜூலையில் வந்த உத்தரவு இது.

நீங்கள் உண்மையில் பொக்கே, பூக்கூடை, மலர்வளையம் செய்து கொடுப்பவர் என்றால் அது உற்பத்தி. தேசியத் தொழில் வகைப்பாட்டில் 3290 என்ற வகுப்பின் கீழ் வரும். அலங்காரமும் செய்தால் சேவைப் பிரிவில் இன்னொரு குறியீட்டைச் சேர்க்கலாம். ஒரே பதிவில் பல குறியீடுகள் இருக்க முடியும். முன்பே வணிகம் என்று மட்டும் பதிந்திருந்தால் அதே தளத்தில் இலவசமாகத் திருத்தலாம். செய்யாத வேலையை மட்டும் எழுத வேண்டாம்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கென்றால், கம்பெனிகளும் ஓட்டல்களும் பூவை உடனே வாங்கிக்கொண்டு பணத்தை மூன்று மாதம் கழித்துத் தருவது வழக்கம். குறு, சிறு உற்பத்தியாளரிடமோ சேவை தருபவரிடமோ வாங்கினால் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, மாதாமாதம் சேரும். 2024-25 வரிக் கணக்கீட்டு ஆண்டிலிருந்து இன்னொரு பிடியும் வந்தது: கெடுவுக்குள் தராத தொகையை, வாங்கிய நிறுவனம் அந்த ஆண்டுச் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைக்க முடியாது. மார்ச் மாதம் நெருங்கும்போது கணக்குப் பிரிவே உங்களைத் தேடி அழைப்பது இதனால்தான்.

பூ கொடுக்கும்போது இரண்டு பிரதியில் டெலிவரி செலான் எழுதுங்கள். தேதி, நேரம், எண்ணிக்கை, வாங்கியவர் கையெழுத்து. "பூ வாடியிருந்தது" என்ற பேச்சு பணம் கேட்கும்போதுதான் கிளம்பும். ஆட்சேபம் இருந்தால் பெற்ற 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்பது சட்டம். பாக்கி இழுத்தால் மத்திய குறு, சிறு தொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் பதியலாம். பெரும்பாலும் அங்கே போவதற்கு முன், பில்லில் உத்யம் எண்ணும் "45 நாளுக்குள் செலுத்தவும்" என்ற வரியும் இருந்தாலே வேலை நடந்துவிடும். உத்யம் முதல் சப்ளைக்கு முன்பே இருக்கட்டும். பிறகு பதிந்து பழைய பாக்கிக்குச் சலுகை கேட்டால் வழக்கில் சிக்கும்.

அலங்கார வேலைக்கு ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ, கம்பெனி 1 சதவீதம் வருமான வரி பிடித்துக்கொள்ளும். பான் தராவிட்டால் 20 சதவீதம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், பிடித்ததை உங்கள் வரியில் கழித்துக்கொண்டு மீதியைத் திரும்பப் பெறலாம்.

கருவி வாங்கவும் தெருவில் விற்கவும்

2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தின் 25 தொழில்களில் மலர் வேலைப்பாடும் ஒன்று. 35 வயது நிறைந்திருக்க வேண்டும். 3 லட்சம் ரூபாய் வரை வங்கிக் கடன், 25 சதவீத மானியம், 5 சதவீதம் வரை வட்டிச் சலுகை. மானியத்துக்கு உச்சவரம்பு 50,000 ரூபாய். அதாவது 2 லட்சத்துக்கே முழு மானியமும் வந்துவிடும். 3 லட்சம் கேட்டால் கடன்தான் கூடும், மானியம் கூடாது. முதல் முறை 2 லட்சத்தோடு நிற்பதே புத்திசாலித்தனம். விண்ணப்பம் இலவசம், மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் இணையத்தில் பதிய உதவுவார்கள். என்ன வாங்கப் போகிறீர்கள் என்பதற்குக் கடையின் கொட்டேஷன் தயாராக இருக்கட்டும். கண்ணாடிக் கதவுக் குளிர்பெட்டி, வேலை மேசை, வாளிகள், இவைதான் முதலில் வேண்டியவை.

தர்மபுரி பேருந்து நிலையம் பக்கமோ கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கமோ தள்ளுவண்டியில், கூடையில் விற்பவர்களுக்குப் பிஎம் ஸ்வநிதி என்ற மத்திய அரசின் தெரு வியாபாரிகள் கடன் திட்டம். நகர எல்லைக்குள் தெருவில் விற்கும் அடையாள அட்டை, அல்லது நகராட்சி, மாநகராட்சியின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். பக்கத்துக் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து விற்பவரும் கேட்கலாம். முதல் தவணை 15,000, ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000. 7 சதவீத வட்டி மானியம். வீட்டுக்குள் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் மட்டும் விற்பவருக்கு இது பொருந்தாது.

சுய உதவிக் குழுவில் இருக்கும் பெண்களுக்குப் பணத்தைவிட இடம் பெரிய உதவி. மகளிர் திட்டத்தின் பூமாலை வணிக வளாகம், கல்லூரிச் சந்தை, அரசு விழாக் கண்காட்சி ஆகியவற்றில் குழு வழியாக அரங்கு கேட்கலாம். கல்லூரிச் சந்தையில் பெரிய கூடை போகாது. ஒற்றை ரோஜாவும் மூன்று பூ ஜர்பராக் கட்டும் போகும். அங்கே வாங்கும் மாணவியின் வீட்டுக் கல்யாணம்தான் அடுத்த வாடிக்கை என்பதால், ஒவ்வொரு கட்டிலும் உங்கள் எண் ஒட்டியிருக்க வேண்டும்.

இரண்டாவது ஆர்டர் ஏன் வரவில்லை

கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவைப் பார்ப்பதைவிட அட்மின் பிரிவைப் பாருங்கள். விருந்தினருக்குப் பொக்கே, பணி ஓய்வு விழா, ஆயுத பூஜை எல்லாம் அவர்கள் கையில்தான். காகிதம் உங்களை வாசல்வரை கொண்டுபோகும். திங்கட்கிழமை வைத்த பூ புதன்கிழமை தலை தொங்கினால் எந்தச் சான்றும் காப்பாற்றாது.

தலை தொங்குவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம். ஒன்று, ஓயாசிஸ் ஃபோமை (பூக் காம்பைக் குத்தி வைக்கும், தண்ணீர் உறிஞ்சும் கட்டி) தண்ணீருக்குள் அமுக்கி நனைப்பது. மேலே ஈரமாகி நடுவில் காய்ந்த இடம் நின்றுவிடும், அதில் குத்திய காம்புக்குத் தண்ணீரே போகாது. வாளித் தண்ணீரின் மேல் வைத்துவிட்டால் அதுவே மெல்ல மூழ்கும், அப்படியே விட வேண்டும். இரண்டு, ஜர்பராவை ஆழமான தண்ணீரில் நிறுத்துவது. அதன் மயிரடர்ந்த காம்பு சீக்கிரம் அழுகும். நாலு விரல் உயரத் தண்ணீர் போதும், வாளியைத் தினமும் கழுவ வேண்டும். மூன்றாவது நம் மாவட்டத்துக்கே உரியது: கோடையில் மாம்பழம் பழுக்க வைத்திருக்கும் அறையிலேயே கார்னேஷனை வைப்பது. பழுக்கும் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு கார்னேஷன் இதழைச் சுருட்டிவிடும். வீட்டு பிரிட்ஜில் வாழைப்பழத்தோடு வைத்தாலும் இதேதான்.

ரோஜா 20 பூக் கட்டாக வரும். 2 பூ வீணாகும் என்று வைத்து 18 பூவுக்கு விலை வகுத்துக்கொள்ளுங்கள். ஃபோம், சுற்றும் தாள், வண்டிச் செலவு, கட்டும் நேரத்துக்கான கூலி எல்லாம் அதன் மேல். காதலர் தின வாரத்தில் ஏற்றுமதிக்கு இழுப்பதால் ரோஜா விலை ஏறும். ஆண்டு ஒப்பந்தம் போடும்போது பிப்ரவரி முதல் இரண்டு வாரத்துக்குத் தனி விலை, அல்லது ரோஜாவுக்குப் பதில் ஜர்பரா என்று எழுத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, மண்டபங்கள் காலி. உத்யம் திருத்தம், தொழில் மைய விண்ணப்பம், வங்கி நடை எல்லாவற்றையும் ஆடியில் முடித்தால் ஆவணி முகூர்த்தத்துக்குக் குளிர்பெட்டி வீட்டில் இருக்க வாய்ப்புண்டு. மண்டப மேலாளர்களையும் டெக்கரேஷன்காரர்களையும் பார்க்கப் போவதும் அந்த மாதத்தில்தான் நல்லது. மற்ற மாதங்களில் அவர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.