ஜிம்மா, மைதானமா, விடுதி அறையா?

செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் பல்கலைக்கழக ஜிம்மில் கூட்டம் ஏறும். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஜிம் வருகைப் பதிவுகளை வைத்து 2014இல் வெளியான ஆய்வில், வாரம், மாதம், செமஸ்டர் ஆகிய மூன்றின் தொடக்கத்திலும் வருகை கூடியது தெரிந்தது. தொடங்கும் ஆசைக்கு மாணவர்களிடம் பஞ்சமில்லை. ஆசை செயலாக மாறும் இடத்தில்தான் சிக்கல்.

பிரிட்டனில் 248 மாணவர்களிடம் நடந்த சோதனை 2002இல் வெளியானது. இதயநோய் பற்றி எதுவும் படிக்கத் தராத குழுவில் அடுத்த வாரம் உடற்பயிற்சி செய்தவர்கள் 38 சதவீதம். இதயநோய் பற்றிய துண்டுப்பிரசுரம் படித்த குழுவில் 35. படித்ததோடு, எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று எழுதியும் வைத்த குழுவில் 91. பயமுறுத்தும் தகவல் தனியாக நின்று எதையும் நகர்த்தவில்லை. 'நாளையிலிருந்து ஓடுவேன்' என்பதில் மூளை பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. 'செவ்வாய் மாலை 5:30, கடைசி வகுப்பு முடிந்ததும், மைதானத்தின் வடக்கு வாசல்' என்றால், வகுப்பு முடிவதே நினைவூட்டிவிடும்.

அந்த இடம் எது? புதிதாக ஸ்குவாட் (முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் பயிற்சி) பழகுபவர் கண்ணாடிச் சுவரும் பத்துப் பேரும் உள்ள ஜிம்மில் தடுமாறுவது இயல்பு. பிறர் முன்னிலையில், நன்கு கைவந்த செயல் மேம்படும், பழகாத செயல் கெடும் என்று 1965இல் உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் விளக்கினார். அதனால் அசைவுகளை அறையில், எடையில்லாமல், இரண்டு மூன்று வாரம் பழகுவது நல்லது. ஜிம் அதற்குப் பிறகு. அப்போது அதே கூட்டம் உங்களுக்கு உதவும். உங்களைவிடச் சற்றே வலுவான கூட்டாளி கிடைத்தால் இன்னும் நல்லது; மிக வலுவானவர் என்றால் மனம் தளர்ந்துவிடும்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது வேகத்தில். மூச்சு திடீரென வேகமெடுக்கும் ஓர் எல்லை உடலில் உண்டு. அதைத் தாண்டினால் அநேகமாக எல்லோருக்கும் இன்பம் சரியும்; இது மன உறுதியின் குறையல்ல, உடலியல். எல்லையை அறியக் கருவி வேண்டாம். ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிந்தால் அதற்குக் கீழே இருக்கிறீர்கள். இரண்டு மூன்று சொல்லோடு மூச்சு முட்டினால் மேலே. டிரெட்மில் உங்கள் காலைப் பார்த்து வேகம் குறைக்காது. முதல் நாளே பக்கத்து ஆளின் வேக எண்ணை வைத்து ஓடினால், உடல் நினைவில் வைப்பது வேதனையைத்தான். மைதானத்தில் கால் தானாகவே தன் வேகத்தைத் தேடிக்கொள்ளும். எந்த இடமானாலும் கடினமான பகுதியை முன்னால் வைத்து, போகப் போகக் குறையுங்கள். 2016இல் வெளியான சைக்கிள் சோதனையில், மெல்ல இறங்கி முடித்தவர்கள், ஏறி முடித்தவர்களைவிட அதை இனிமையாக நினைவுகூர்ந்தார்கள்.

பணம் கொடுத்தால்? அமெரிக்க மாணவர்களுக்கு நான்கு வாரத்தில் 8 முறை ஜிம் வந்தால் 100 டாலர் தந்த சோதனை 2009இல் வெளியானது. பணம் நின்ற பிறகும் பலர் வந்தார்கள். அதிகம் மாறியவர்கள் முன்பு வழக்கமாக வராதவர்கள்.

விடுமுறை இதையெல்லாம் கலைக்கும். இடமும் நேரமும் மாறினால், பழக்கத்தை நினைவூட்டித் தூண்டிய சூழலும் போய்விடும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், விறுவிறுப்பான ஒலிநூல்களை ஜிம்மில் மட்டும் கேட்கவிட்ட சோதனையிலும், நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) விடுமுறைக்குப் பின் பலன் கரைந்தது. விடுதிக்குத் திரும்பும் முதல் நாளே நாள், மணி, இடம் மூன்றையும் மறுபடி எழுதுங்கள்; முதல் வாரம் பழைய அளவில் பாதி போதும்.