காய்ச்சல் விட்டுப் போச்சு, புள்ளை இன்னும் எந்திரிக்கலையே!

பிப்ரவரி பிறந்தால் கோபிச்செட்டிபாளையம் பக்கம் இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கும். காட்டில் மஞ்சள் வெட்டி வேக வைப்பார்கள். வீட்டில் பிளஸ் டூ பிள்ளை செய்முறைத் தேர்வுக்கு ரெக்கார்டு நோட்டை முடித்துக்கொண்டிருக்கும். அந்த மாதத்தில் காய்ச்சலோடு ஒரு பிள்ளை என் கிளினிக்குக்கு வந்தால், கூட வந்த தாய் என்ன நோய் என்று கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார்: "ஏனுங்க டாக்டர், பரீட்சைக்குள்ள சரியாயிருமுங்களா?"

அப்படி வந்த ஒரு மாணவியைப் பற்றி எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பத்து நாளாகக் காய்ச்சல். எச்சில் விழுங்க முடியாத தொண்டை வலி. பக்கத்து மருந்துக்கடையில் சொல்லி அமாக்சிசிலின் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சில நாளில் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. வீட்டில் அம்மை என்று முடிவுகட்டி, மருந்தை நிறுத்தி, வேப்பிலையில் படுக்க வைத்துவிட்டார்கள். கழுத்து வீக்கத்தைப் பார்த்த அமுச்சி, பொன்னுக்கு வீங்கி என்று தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிட்டார். என் முன்னால் உட்கார்ந்தபோது அந்தப் பெண்ணின் துப்பட்டாவில் வேப்பங்கொத்து செருகியிருந்தது, கழுத்தில் மூன்று பவுன் சங்கிலி. பேத்தி மேல் இருந்த அன்பு அத்தனையும் அதில் தெரிந்தது. ஆனால் பிள்ளைக்கு வந்திருந்தது அம்மையும் இல்லை, பொன்னுக்கு வீங்கியும் இல்லை.

பொன்னுக்கு வீங்கி காதுக்கு முன்னாலும் கீழேயும் கன்னத்தை உப்ப வைக்கும். இவளுக்குக் கழுத்தின் பின்பக்கமும் தாடைக்கு அடியிலும் கொட்டை கொட்டையாக நெறி கட்டியிருந்தது. டான்சில் மேல் வெள்ளைப் படலம். இடது விலாவுக்குக் கீழே விரலை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னால் மண்ணீரலின் விளிம்பு வந்து தொட்டது. ரத்தப் பரிசோதனையில் வடிவம் மாறிய லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் நிறைய இருந்தன. எப்ஸ்டீன் பார் என்ற வைரஸ் புதிதாகத் தொற்றியதைக் காட்டும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளும் பாசிட்டிவ். சுரப்பிக் காய்ச்சல், மோனோ என்றும் சொல்வோம். 1964இல் கண்டறியப்பட்ட இந்த வைரஸ் நம் ஊரில் பெரும்பாலான பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே தொட்டுவிட்டுப் போய்விடும். சாதாரணச் சளிபோல வந்து போவதால் யாருக்கும் தெரியாது. அப்போது தப்பி, பதின்ம வயதில் மாட்டும் பிள்ளையைத்தான் இப்படிப் போட்டுப் புரட்டும்.

அந்தத் தடிப்பு எங்கிருந்து வந்தது? இந்தக் காய்ச்சல் இருக்கும்போது அமாக்சிசிலின், ஆம்பிசிலின் கொடுத்தால் பலருக்கு அப்படித் தடித்துவிடும். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது என்பது ஒருபுறம், அம்மை என்ற குழப்பம் மறுபுறம். இதனால் அவளுக்கு ஒரு வாரம் வீணாகப் போனது. எந்த மாத்திரைக்குப் பிறகு தடித்தது என்று குறித்து வையுங்கள். ஆயுசுக்கும் அந்த மருந்து ஆகாது என்று நீங்களே முடிவுசெய்ய வேண்டாம். அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

இரண்டாம் முறை வந்தபோது அவள் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அம்மாவும் வாய் திறக்கவில்லை. பெண்ணை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் அப்பா செல்போனை நீட்டினார். சொந்தக்காரப் பையன் ஒருவன் வலைத்தளத்தில் தேடி, இதற்கு 'முத்த நோய்' என்று பெயர் இருப்பதைக் கண்டுபிடித்து அனுப்பியிருக்கிறான். வீட்டில் மூன்று நாளாக யாரும் அவளோடு சரியாகப் பேசவில்லை.

இதைப் படிக்கும் ஒவ்வொரு பெற்றோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைச் சந்தேகப்படாதீர்கள். இது எச்சிலில் பரவும் வைரஸ், அவ்வளவுதான். நம் வீடுகளில் சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கப் பழக்கினார்கள். இன்று டியூஷனில் ஒரே பாட்டிலை நாலு பேர் வாய் வைத்துக் குடிக்கிறார்கள். அது போதும் இந்த வைரஸுக்கு. தொற்றி நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் காய்ச்சலே வரும். ஒருமுறை வந்தவர் உடம்பு நன்றாக இருக்கும்போதும் அவ்வப்போது எச்சிலில் வைரஸ் வெளியேறும். யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. இதை அப்பாவிடம் அரை மணி நேரம் பேசினேன். மஞ்சள் தூசி படிந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தப்புப் பண்ணிட்டனுங்க" என்றார்.

காய்ச்சல் இரண்டு வாரத்தில் விட்டது. பெரிய சண்டை அதற்கப்புறம்தான் வந்தது. "காச்சலே இல்லீங்க, ஆனாப் பகலெல்லாம் தூங்கறா. புஸ்தகத்தைத் தொட்டாலே கண்ணச் சொக்குதுங்கறா. வேணும்னே பண்றாளோன்னு இருக்குதுங்க" என்றார் அம்மா.

வேண்டுமென்று செய்வதில்லை. இந்த நோயில் காய்ச்சல் முதலில் போகும், அசதி கடைசியில்தான் போகும். பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் தேறிவிடும். சிலருக்கு அசதி மட்டும் மாதக்கணக்கில் இழுக்கும். பத்து மணி நேரம் தூங்கி எழுந்த பிள்ளை குளித்துவிட்டு வருவதற்குள் மறுபடி படுத்துவிடும். டீ, காபி கொடுத்து உட்கார வைத்தால் அன்றைக்கு ஓட்டலாம். மறுநாள் இரண்டு மடங்காகப் படுக்க வைக்கும். விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளை என்றால் தயவுசெய்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள். விடியற்காலை எழுப்பி ஸ்டடியில் உட்கார வைக்கிற இடத்தில் இந்த உடம்பு தேறாது. "ஒரு ஊசி போட்டு, ட்ரிப்ஸ் ஏத்தி விடுங்க" என்று கேட்டும் வருகிறார்கள். இதைச் சீக்கிரம் விரட்ட ஊசி கிடையாது. தொண்டை அடைத்து மூச்சு முட்டும் நிலையில் மட்டும் ஸ்டீராய்டு கொடுப்போம். தெம்புக்காக அதைக் கேட்டு வாங்காதீர்கள். எடைக்கேற்ற பாராசிட்டமால், உப்பு வெந்நீரில் கொப்பளிப்பு, இளநீர், மோர் ஊற்றிய கம்பங்கூழ், குழைய வைத்து ஆற விட்ட அரிசிம்பருப்பு, இவை போதும். ஆஸ்பிரின் மட்டும் இந்த வயதில் கூடாது.

படிப்பை என்ன செய்வது? நாங்கள் செய்தது இதுதான். தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் அரை மணி, படுத்து ஓய்வு, முடிந்தால் இன்னொரு அரை மணி. புதிதாக எதையும் தொடவில்லை. இயற்பியல் தாளில் 70 மதிப்பெண்ணில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள். அதற்குப் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளே பெரும்பலம் என்று அவளுக்குத் தெரியும். உட்கார்ந்து படிக்கத் தெம்பில்லாத சாயங்காலங்களில், எட்டாவது வரை படித்த அப்பா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் வழிப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பார். அவள் கண்ணை மூடியபடியே "ஆ" என்றோ "இ" என்றோ சொல்லுவாள்.

பள்ளிக்கூடத்தில் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். பரிசோதனை முடிவும் மருத்துவச் சான்றும் கையில் இருந்தால் செய்முறைத் தேர்வை வேறு நாளுக்கு மாற்ற முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்கலாம். காய்ச்சல் விட்டு நடமாடுகிற பிள்ளையைத் தனிமைப்படுத்தத் தேவையில்லை; தன் பாட்டிலில் தண்ணீர் குடித்தால் போதும், தேர்வு அறையில் உட்காரலாம். எழுதுவது 10.15 முதல் 1.15 வரை மூன்று மணி நேரம். அதற்கு உடம்பு தாங்காது என்று தெரிந்தால் அந்தத் தாளை விட்டுவிட்டுத் துணைத் தேர்வில் எழுதலாம், அதே ஆண்டில் கல்லூரியிலும் சேரலாம். இதைத் தேர்வன்று காலையில் அழுதுகொண்டு முடிவுசெய்யாமல், இரண்டு வாரம் முன்பே பிள்ளையையும் உட்கார வைத்துப் பேசி வையுங்கள். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்த அன்று ராத்திரிதான் அவள் நன்றாகத் தூங்கினாள் என்று அம்மா சொன்னார்.

மண்ணீரலைப் பற்றி நான் கறாராக இருப்பேன். வீங்கிய மண்ணீரல் அடிபட்டால் கிழியலாம். அரிதுதான், ஆனால் உயிருக்கு ஆபத்து. குறைந்தது ஒரு மாதத்துக்குக் கபடி வேண்டாம், வாலிபால் வேண்டாம், மஞ்சள் மூட்டை தூக்க வேண்டாம். இடது மேல் வயிற்றில் திடீர் வலி, இடது தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றி மயக்கம் என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு விடச் சிரமம், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிவது, ஒரு வாய் தண்ணீரும் இறங்காதது ஆகியவையும் அவசரம்தான். கண் மஞ்சளானால் கீழாநெல்லியோடு நிறுத்தாமல் அன்றைக்கே வந்து காட்டுங்கள்.

அவள் ஐந்து தாள் எழுதினாள், வேதியியலை ஜூனுக்கு வைத்துக்கொண்டாள். ஏப்ரலில் வந்தபோது முகத்தில் களை திரும்பியிருந்தது. ஊர் நோம்பிக்கு வள்ளி கும்மி அரங்கேற்றமாம், ஆடலாமா என்று கேட்டாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், மண்ணீரல் கைக்கு அகப்படவில்லை. "ஆடலாம் அம்மிணி, மூச்சு வாங்குனா உட்கார்ந்துக்கோணும்" என்றேன். "சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்கு முன்னால் படியிறங்கிப் போனாள்.