பதினேழு வயதில் கேன்சர் டிரையல்: யார் கையெழுத்துப் போடுவது?

பதினேழு வயதுப் பையனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால், எந்த வார்டில் சேர்ப்பது என்பதிலேயே குழப்பம் ஆரம்பித்துவிடும். குழந்தைகள் பிரிவுக்கு அவன் பெரியவன். பெரியவர்கள் பிரிவில் அவன்தான் சின்னவன். இது கட்டில் கிடைக்கிற பிரச்சினை மட்டும் இல்லை. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகையான அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா வந்த 16 முதல் 20 வயதுக்காரர்களை ஒப்பிட்டு 2008-இல் அமெரிக்காவில் ஒரு கணக்கு வெளியானது. குழந்தைகளுக்கான ஆய்வுகளில் சேர்ந்தவர்களில் ஏழாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் 67 சதவீதம். பெரியவர்களுக்கான ஆய்வுகளில் சேர்ந்தவர்களில் 46 சதவீதம்தான். நோய் ஒன்று, வயது ஒன்று, மருந்துகளும் பெரும்பாலும் அதே மருந்துகள். அளவும் அட்டவணையும்தான் வேறு.

இப்படிப்பட்ட வித்தியாசம் ஆய்வு நடத்தினால்தான் தெரியவரும். ஆனால் புதிய மருந்து ஆய்வுகள் பலவற்றில் '18 வயது நிரம்பியவர்கள்' என்று கோடு கிழித்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு வருகிற அதே புற்றுநோய்தான் என்றால் 12 முதல் 17 வயது வரை உள்ளவர்களையும் சேர்க்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019-இல் வழிகாட்டுதல் தந்தது. இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்ற கார்-டி செல் சிகிச்சை (நோயாளியின் நோயெதிர்ப்பு செல்களையே மாற்றியமைத்துப் புற்றுநோயைத் தாக்க வைப்பது), 15 வயது முதலே கொடுக்கலாம் என்று வந்தது. கோட்டை நகர்த்த முடியும் என்பதற்கு இது நம் ஊர் உதாரணம்.

சரி, உங்கள் பிள்ளையை ஒரு டிரையலில், அதாவது இப்படியொரு மருத்துவ ஆய்வில், சேர்க்கலாமா என்று டாக்டர் கேட்கிறார். சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இதற்கான விதிகள் 2019 மார்ச் 19 அன்று அறிவிக்கப்பட்ட 'புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள்'. இவற்றோடு ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறை வழிகாட்டுதல்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் சட்டப்படியான ஒப்புதலைப் பெற்றோரோ சட்டப்பூர்வப் பாதுகாவலரோதான் தர வேண்டும். அதோடு வேலை முடிந்துவிடாது. 7 முதல் 12 வயது வரை பிள்ளையின் வாய்மொழி இசைவு தேவை. 12 முதல் 18 வரை தனியாக ஒரு இசைவுப் படிவம், அதில் பிள்ளையே கையெழுத்திட வேண்டும். படித்தால் பயந்துவிடுவான் என்று அந்தத் தாளை மறைத்து வைக்கும் பெற்றோர் உண்டு. அன்பினால் செய்வதுதான், ஆனால் அந்தத் தாளே அவனுக்காக எழுதப்பட்டது.

ஆய்வு நடக்கும்போதே 18 நிரம்பினால், அவர்களிடம் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். நீங்கள் முன்பு போட்ட கையெழுத்து அதற்குமேல் போதாது. 16, 17 வயதில் சேருபவர்களின் குடும்பங்கள் இந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை வேண்டாம் என்று சொன்னால்? பொதுவாக அதை மதிக்க வேண்டும். ஆனால் புற்றுநோய் மாதிரி உயிருக்கு ஆபத்தான நோய்க்கு விதியிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. ஆய்விலிருந்து விலகினால் பிள்ளையின் நலனே கெடும் என்று மருத்துவரும் பெற்றோரும் கருதினால், பெற்றோரின் ஒப்புதலே போதும். எனக்கு இந்த வரி கொஞ்சம் உறுத்தும். ஆறு வயதுக் குழந்தைக்கு இது நியாயமாகப் படுகிறது, பதினேழரை வயதுப் பெண்ணுக்கு அப்படிப் படவில்லை. விதி இரண்டு பேரையும் ஒரே வரியில் வைத்திருக்கிறது. எனவே அவள் ஏன் மறுக்கிறாள் என்று கேட்டு, அதை டாக்டர் முன்னால் பேசவிடுங்கள். முடி கொட்டுவதா, பரீட்சையா, பின்னால் குழந்தை பிறக்குமா என்ற கவலையா என்பது அப்போதுதான் வெளியே வரும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வு இருக்கிறதா என்று பாருங்கள். 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். வயது வரம்பு, நடக்கும் மருத்துவமனைகள், செலவை ஏற்பவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். தகவல் தாளின் நகலும், கையெழுத்திட்ட படிவத்தின் நகலும் உங்கள் கைக்கு வர வேண்டும். ஆய்வு செய்யும் மருந்து முற்றிலும் புதிய மூலக்கூறு என்றால், சிறார்களைப் போன்றவர்களின் ஒப்புதலை வீடியோவிலும் பதிவு செய்வார்கள். அதைக் கண்டு பதற வேண்டாம். படிவத்தில் ஆண்டு வருமானம், நாமினி என்றெல்லாம் கட்டங்கள் இருக்கும். பிளஸ் டூ படிக்கும் பையனுக்கு என்ன வருமானம் என்று சிரிப்பு வரும். இழப்பீட்டுக் கணக்கில் வருமானம் நுழைவதே இல்லை. நாமினி கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள்.

வழக்கமான சிகிச்சைக்கு மேல், ஆய்வுக்காகவே எடுக்கும் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. பஸ், ரயில் செலவைத் திருப்பித் தருவார்களா என்பது தகவல் தாளில் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

ஆய்வில் உடல்நலக் கேடு ஏற்பட்டால் இலவச மருத்துவம் தர வேண்டும், அது ஆய்வால் வந்ததல்ல என்று உறுதியாகும் வரைக்கும். உயிரிழப்பு ஆய்வினால்தான் நேர்ந்தது என்றால் இழப்பீட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு: 8 லட்சம் ரூபாயை வயதுக் காரணியாலும் அபாயக் காரணியாலும் பெருக்கி 99.37-ஆல் வகுக்க வேண்டும். 17 வயதுக்கு வயதுக் காரணி 227.49. அபாயக் காரணி, நோய் ஏற்கெனவே எவ்வளவு முற்றியிருந்தது என்பதைப் பொறுத்து 0.5-இலிருந்து 4 வரை. ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு வரை உயிர்வாழ வாய்ப்புள்ளவர் என்றால் அது 1. அப்போது சுமார் 18 லட்சத்து 31 ஆயிரம் ரூபாய் வரும். ஆறு மாதத்துக்கு மேல் வாய்ப்பில்லை என்று கருதப்பட்டவருக்கு அதில் பாதி. முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 90 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றிருந்தால், சூத்திரம் இல்லாமல் 2 லட்சம். நோய் தன் போக்கில் முற்றி நேர்ந்த மரணத்துக்கு இது எதுவும் பொருந்தாது, பெரும்பாலான தகராறு அங்கேதான் எழும்.

ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை வைத்து மருத்துவமனையே கல்வி நோக்கில் நடத்தும் ஆய்வுகளும் உண்டு. அவற்றுக்கு, ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியே போதும், ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல்படி நடக்கும். பின்னால் மருந்துக் கம்பெனி இருக்காது. அதனால் இழப்பீட்டுக்குக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா என்று முதல் நாளே கேளுங்கள்.

டிரையல் முடிந்தபின் அதே மருந்து தொடர்ந்து கிடைக்குமா? மருந்து பலன் தந்து, வேறு மாற்று சிகிச்சையும் இல்லை, மருத்துவர் பரிந்துரைக்கிறார், நெறிமுறைக் குழுவும் ஏற்கிறது என்றால் ஆய்வை நடத்தும் நிறுவனம் இலவசமாகத் தர வேண்டும். அதற்கு எழுத்தில் உங்கள் சம்மதம் கேட்பார்கள். அந்தத் தாளை நிதானமாகப் படியுங்கள்: டிரையலுக்குப் பிந்தைய உபயோகத்துக்கு அந்த நிறுவனம் பொறுப்பேற்காது.