புடாபெஸ்ட் மத்தியச் சந்தையில் படம் எடுக்கும் முன்

புடாபெஸ்டில் விடுதலைப் பாலத்தின் பெஸ்ட் பக்க முனையில் நிற்கிறது மத்தியச் சந்தை. கட்டடக் கலைஞர் சமு பெட்ஸ் வடிவமைத்து, 1897-இல் திறக்கப்பட்ட கட்டடம். உள்ளே கேமராவைத் தூக்குமுன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஹங்கேரியின் சிவில் சட்டப்படி, ஒருவர் படத்தை வெளியிட மட்டுமல்ல, எடுப்பதற்கே அவர் சம்மதம் வேண்டும். கூட்டத்தை எடுக்க விலக்கு உண்டு. ஆனால் கறிக்கடைக்காரர் முகத்தை மட்டும் ஜூம் லென்ஸில் இழுத்துவிட்டுக் 'கூட்டம்' என்று சொல்ல முடியாது. கேமராவைக் காட்டுங்கள், அவர் தலையசைக்கும்வரை பொறுங்கள். முதலில் கொஞ்சம் பாப்ரிகா (ஹங்கேரியச் சிவப்பு மிளகாய்) தூள் வாங்கிவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

அடுத்த தொல்லை வெளிச்சம். கடைகளில் எரியும் குழல் விளக்குகளும் மலிவான எல்இடிகளும், அங்குள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். சத்தம் கேட்கக்கூடாதென்று பலர் அசையும் திரை இல்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டு 1/500 நொடியில் எடுப்பார்கள். படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் விழும். அதை எந்த மென்பொருளிலும் சுத்தமாக நீக்க முடியாது. மெக்கானிக்கல் ஷட்டர், வேகம் 1/100, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/2.8 முதல் 4 வரை, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600 என்று தொடங்குங்கள். வேகம் கூட்டியே ஆகவேண்டுமென்றால் கேமராவின் ஆன்டி-ஃப்ளிக்கர் (மினுக்கல் தடுப்பு) வசதியைப் போடுங்கள். மேல் ஜன்னலின் பகல் வெளிச்சம் நீலம், கறிக்கடை விளக்கு சிவப்பு. வெளிச்சத்தின் நிறத்தைத் தானே சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இரண்டுக்கும் நடுவே திண்டாடும். நிறத்தைப் பிறகு திருத்த வசதியாக, சென்சாரின் மூலத் தரவைச் சேமிக்கும் ரா ஃபைலில் எடுங்கள்.

தோரணமாகத் தொங்கும் பாப்ரிகாவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான வெள்ளை ஹிஸ்டோகிராம் சரியாக இருக்கும். சிவப்பு மட்டும் எப்போதோ நிரம்பி வழிந்து, மிளகாய் பிளாஸ்டிக் மாதிரி தட்டையாகிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், எக்ஸ்போஷரை 2/3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறையுங்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சலாமிக்கு, லென்ஸ் முனையில் மாட்டும் ரப்பர் ஹுட்டைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாலே போதும். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போட்டால் ஏறக்குறைய ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் போய்விடும்.

முழு மண்டபமும் வேண்டுமென்றால் மாடி நடைபாதைக்கு ஏறி, கேமராவை மட்டமாகப் பிடியுங்கள். கொஞ்சம் அண்ணாந்தாலும் இரும்புத் தூண்கள் உள்நோக்கிச் சாயும். குளிர்காலத்தில் வெளியிலிருந்து உள்ளே போனதும் லென்ஸில் ஈரம் படியும். வாசலிலேயே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, அரை மணி கழித்து எடுங்கள். வழக்கமாக ஞாயிறு விடுமுறை.