பத்தாயிரம் மாற்றங்களுக்குள் ஒரு பிழையைப் பிடிப்பது எப்படி?

"புது கெர்னல் போட்டதிலிருந்து வைஃபை சரியில்லை." கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலைப் பராமரிப்பவருக்கு இப்படி ஒரு புகார் வந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் லேப்டாப் அவர் கையில் இல்லை. அதில் எந்த சிப் இருக்கிறது என்றும் அவருக்குத் தெரியாது. அதையே, "லேப்டாப்பை மூடித் திறந்தால் வைஃபை வருவதில்லை, ரீபூட் செய்தால் வருகிறது, போன பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை" என்று எழுதி, சிப்பின் பெயரையும் கெர்னல் எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்பையும் (லாக்) இணைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அதிலும் "போன பதிப்பில் இல்லை" என்பதுதான் உயிரான தகவல். லினக்ஸ் கெர்னலின் புதுப் பதிப்பு ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை வருகிறது. ஒவ்வொன்றிலும் 10,000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள், அதாவது கமிட்டுகள். வைஃபையைக் கெடுத்தது அவற்றில் எது?

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் தொடங்கிய, நிரலின் மாற்றங்களையெல்லாம் பதிந்து வைக்கும் 'கிட்' மென்பொருளில் இதற்கென்றே 'பைசெக்ட்' என்ற கட்டளை இருக்கிறது. நல்ல பதிப்பு எது, கெட்டது எது என்று சொன்னால், இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒரு கமிட்டை எடுத்துக் கொடுக்கும். அதை கம்பைல் செய்து (ஓடக்கூடிய வடிவுக்கு மாற்றி), ரீபூட் செய்து, லேப்டாப்பை மூடித் திறந்து பார்க்க வேண்டும். வைஃபை வந்தால் 'குட்', வராவிட்டால் 'பேட்'. 'குட்' என்றால் பிழை அதற்கு அப்புறம்தான் நுழைந்திருக்க வேண்டும். அதுவரையிலான மாற்றங்களை விட்டுவிடலாம். 10,000 என்பது 5,000 ஆகும், பிறகு 2,500. பதினான்கு சோதனைக்குள் ஒரே ஒரு கமிட் மிஞ்சும். ஒரு வரி நிரல்கூட எழுதத் தெரியாத பயனரும், பொறுமை மட்டும் இருந்தால், இதைச் செய்து முடிக்கலாம். நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருளில் என்னை மிகவும் கவர்ந்த விஷயமே இதுதான்.

தடுக்கி விழ ஓர் இடம் உண்டு. பிழை எப்போதும் தலைகாட்டாமல் இரண்டு தடவைக்கு ஒரு தடவைதான் வருகிறது என்று வையுங்கள். ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்தால், பிழை உள்ள கமிட்டையும் 'குட்' என்று சொல்லிவிடப் பாதி வாய்ப்பு. ஒரு பதில் தப்பினாலும் தேடல் தப்பான பாதிக்குள் போய், சம்பந்தமில்லாத கமிட்டைக் காட்டும். ஐந்து முறை சோதித்தால் ஏமாறும் வாய்ப்பு 32-ல் ஒன்றாகக் குறையும். அதனால் 'பேட்' சொல்ல ஒருமுறை பார்த்தால் போதும். 'குட்' சொல்லத்தான் நிதானம் வேண்டும்.

கமிட் அகப்பட்டதும் அதை எழுதியவரிடமே நேராகப் போகலாம். முன்பு ஓடியது இப்போது ஓடவில்லை என்றால் அது கெர்னலின் குற்றமே என்பது டோர்வால்ட்ஸ் விடாமல் பிடிக்கும் விதி. சீக்கிரம் சரிசெய்ய வழியில்லையா, அந்த மாற்றத்தையே திரும்பப் பெற்றுவிடுவார்கள்.

திருத்தம் தயாரானதும் அதன் குறிப்பில் இரண்டு வரிகள் சேரும். 'ஃபிக்ஸஸ்' என்ற வரி, பிழையைக் கொண்டுவந்த கமிட் எது என்று சொல்லும். அந்தக் கமிட் இடம்பெற்ற பழைய பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் இதைப் பார்த்துத்தான் திருத்தத்தை அங்கேயும் கொண்டுபோவார்கள். 'ரிப்போர்ட்டட் பை' என்ற வரியில், லேப்டாப்பை மூடித் திறந்து பார்த்தவரின் பெயர் இருக்கும்.