பார்கோடும் ஆர்எஃப்ஐடியும்: தமிழில் என்ன சொல்லலாம்?

பார்கோடு என்பதில் வரும் 'கோடு' நாம் தாளில் போடும் கோடு அல்ல. 'கோட்' என்ற ஆங்கிலச் சொல் அது. மரக்கட்டையையும் எழுதுபலகையையும் குறித்த 'கோடெக்ஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'பார்' என்றால் பட்டை. ஆகவே பட்டைக்குறி. பட்டைகளின் அகலமும் இடைவெளியும் சேர்ந்து எண்களாகின்றன. அமெரிக்கர்களான உட்லண்டும் சில்வரும் இதற்கு 1952இல் காப்புரிமை பெற்றார்கள். கடைக்கு வர இன்னும் 22 ஆண்டுகள் ஆயின: 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்து ட்ராய் ஊரில் ஒரு சூயிங்கம் பொதியில் தொடங்கியது.

ஆர்எஃப்ஐடி என்பது 'ரேடியோ ஃப்ரீக்வென்சி ஐடென்டிஃபிகேஷன்' என்பதன் சுருக்கம். பொருளில் ஒட்டிய ஒரு சிறு துண்டை ரேடியோ அலையால் அடையாளம் காணும் முறை அது. 'ரேடியோ'வின் வேர் கதிரையும் சக்கரத்தின் ஆரக்காலையும் குறித்த இலத்தீன் சொல். பெயரை அப்படியே பெயர்த்தால் 'ரேடியோ அலைவரிசை அடையாளம்'. கடைக்காரர் வாயில் நுழையாது. பொருளில் ஒட்டும் அந்தச் சிறு துண்டை 'அலைவில்லை' என்று சொல்லலாம் என்பது என் கருத்து. ஸ்டிக்கருக்கு ஒட்டுவில்லை ஏற்கெனவே புழங்கும் சொல்தானே. அலைவில்லைக்குள் ஒரு சில்லும் ஆன்டெனாவும் இருக்கும். பெரும்பாலானவற்றில் பேட்டரி கிடையாது. படிக்கும் கருவி அனுப்பும் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும்.

வேறுபாடு இங்கேதான். பட்டைக்குறியைக் கருவி பார்க்க வேண்டும். அலைவில்லையைக் கூப்பிட்டால் போதும், அட்டைப்பெட்டிக்குள் இருந்தாலும் பதில் வரும். நூலகத்தில் புத்தகங்களை ஒவ்வொன்றாக உருவாமல் அலமாரி ஓரமாகக் கருவியைக் கொண்டுபோயே கணக்கெடுக்கலாம். சுங்கச்சாவடியில் கார் கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேகும் அலைவில்லைதான். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையில் பேசுகிறது. இன்னொன்று, கடைச் சோப்பின் பட்டைக்குறி 'இது இன்ன சோப்பு' என்று மட்டும் சொல்லும், ஒரே வகைச் சோப்புகளுக்கெல்லாம் ஒரே எண். அலைவில்லையில் ஒவ்வொரு கட்டிக்கும் தனி எண் கொடுக்க முடியும்.

அதற்காக எல்லாவற்றிலும் அலைவில்லை ஒட்ட வேண்டியதில்லை. தகர டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் அலைக்குத் தடை. விலையும் கூடுதல், பட்டைக்குறியோ உறையோடு சேர்த்து அச்சாகிவிடுகிறது. மளிகைக் கடைக்கு அது தாராளமாகப் போதும். நிற்காமல் நகர்வதற்கும் மொத்தமாக எண்ண வேண்டியதற்கும் அலைவில்லை.

சரக்கில் குறி போடுவது நமக்குப் புதிதல்ல. புகார்த் துறைமுகத்தில் உடையவர் பெயர் பொறித்த மூட்டைகளைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. அவற்றின் மேல் இட்ட எழுத்துக்கு அது தரும் பெயர் 'கண்ணெழுத்து'. கண்ணால் பார்த்துப் படிக்கும் பட்டைக்குறிக்கு அந்தப் பெயரையே மீட்டுக்கொண்டு வந்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான்.